டோட் கணக்கு தெரியாமல் குதிரைமேல் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: கோலாலம்பூர் செராஸில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கூட வேலை செய்கிற சீன நண்பர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை சுங்கை பெசி குதிரைப் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறார்கள். 200 வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன். எனக்கு 4டி (நான்கு இலக்க எண் லாட்டரி) எடுத்துத்தான் பழக்கம். குதிரையை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? தொடர்ந்து போனால் பணம் பார்க்க முடியுமா? டெலிகிராமில் ஓர் ஏஜென்டிடம் கட்டினால் அதிகம் கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். கட்டலாமா? (வாசகர், வயது 27)

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். குதிரைப் பந்தயத்தில், அதை நடத்துகிற டர்ஃப் கிளப்பின் டோட்டில் கட்டுவதுதான் இங்கே சட்டப்படி செல்லும். தனியாள் பந்தயம் வாங்குவது 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம். அவரிடம் கட்டுகிறவரும் மாட்டிக்கொள்வார். அதைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. ஏஜென்டு கடன் கொடுப்பார். பாக்கெட்டில் ஒரு காசு இல்லாமலே நாள் முழுக்கக் கட்டலாம். என் நெருங்கிய உறவினர் ஒருவர் அப்படித்தான் தொடங்கினார். தோட்டத்து வேலையை விட்டபோது வந்த பணம் இரண்டே வருடத்தில் கரைந்து, வீட்டு வாசலில் ஆலோங்கின், அதாவது சட்டவிரோத வட்டிக்காரரின், ஆட்கள் வந்து நின்றார்கள். அந்தக் குடும்பத்தை நான் இன்றும் பார்க்கிறேன்.

சரி, டோட் என்றால் என்ன? 4டியில் பரிசுத் தொகை முன்கூட்டியே தெரியும். இங்கே தெரியாது. ஓர் ஓட்டத்தில் 'வின்', அதாவது இந்தக் குதிரைதான் முதலாவதாக வரும் என்று, கட்டுகிறவர்கள் எல்லாருடைய பணமும் ஒரே உண்டியலில் விழுகிறது. கிளப்பின் பங்கு, வரி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மீதியை ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லர் என்பவர் கொண்டுவந்த முறை இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்டியலில் 10,000 வெள்ளி. பிடித்தம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மீதி 8,000. மூன்றாம் எண் குதிரைமேல் மட்டும் ஜனங்கள் 4,000 கட்டியிருந்தால், அது ஜெயித்தால் ஒரு வெள்ளிக்கு 2 வெள்ளி. ஒன்பதாம் எண்மேல் 500தான் விழுந்திருக்கிறது என்றால் ஒரு வெள்ளிக்கு 16. குதிரைகள் புறப்படும் கேட் திறக்கும்வரை பணம் விழுந்துகொண்டே இருக்கும், பலகையில் எண்களும் மாறிக்கொண்டே இருக்கும். ஆக, உங்கள் போட்டி குதிரையோடு இல்லை, கிளப்போடும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகிற மற்றவர்களோடுதான். எல்லாருக்கும் பிடித்த குதிரை, அதாவது ஃபேவரிட், ஏறக்குறைய மூன்று ஓட்டத்துக்கு ஒன்றில் ஜெயிக்கும். ஆனால் கூட்டம் அதன்மேல் குவிவதால் கிடைப்பது குறைவு.

'பணம் பார்க்க முடியுமா' என்ற கேள்விக்கான பதிலும் இதே கணக்கில் இருக்கிறது. அதே 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன 100 வெள்ளியில் கூட்டத்துக்குத் திரும்பி வருவது 80. அந்த 80ஐ அடுத்த ஓட்டத்தில் அப்படியே போட்டால் 64. மூன்றாவதில் 51. எட்டாவது ஓட்டம் முடியும்போது சராசரியாகக் கையில் 17 வெள்ளிகூட முழுதாக இராது. ஜெயித்த பணத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் மனிதரை விழுங்குகிறது. அதனால் 200ஐ மொத்தமாக எடுத்துப் போகாதீர்கள். நூறு போதும். ஓர் ஓட்டத்துக்குப் பத்து, அதற்குமேல் இல்லை. ஜெயித்தது எதுவாக இருந்தாலும் வேறு பாக்கெட்டில் போடுங்கள், வீட்டுக்குப் போகும்வரை அதைத் தொட வேண்டாம். வங்கி அட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இதை வருமானம் என்று நினைத்து யாரும் போகக் கூடாது. சினிமாவுக்கு டிக்கெட் வாங்குகிற மாதிரி, திரும்பி வராத காசு என்று நினைத்துப் போங்கள்.

இப்போது குதிரைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 4டி எண்ணுக்குக் காலும் இல்லை, மூச்சும் இல்லை. கனவில் வந்த எண்ணும் கார் நம்பரும் அங்கே சமம். இங்கே எண்ணுக்குப் பின்னால் உயிருள்ள ஒரு மிருகம் நிற்கிறது. வாசலில் கிடைக்கும் ரேஸ் அட்டையில் அதன் முந்தைய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, எத்தனை மீட்டர் ஓடியது, எத்தனை கிலோ சுமக்கிறது, எந்தக் கேட், ஜாக்கி யார், எல்லாம் இருக்கும். எடையைக் கவனியுங்கள். ஹேண்டிகேப் ஓட்டங்களில் கெட்டிக்காரக் குதிரைக்கு அதிகச் சுமை, பலவீனமானதற்குக் குறைவு. எடை குறைவாக உள்ள ஜாக்கியின் சேணத்தில் ஈயம் வைத்துச் சரிக்கட்டுவார்கள். போன மாதம் 1,200 மீட்டரில் ஜெயித்த குதிரை இன்று கூடுதல் சுமையோடு 1,600 ஓடுகிறது என்றால், அது வேறு பரீட்சை. கோலாலம்பூரின் மத்தியான மழையும் சேர்ந்தால் தரை கனத்துவிடும். சில குதிரைகளுக்கு ஈரப் புல் ஒத்துவராது.

அட்டையைப் படித்த பிறகு பேடாக்குக்குப் போங்கள். குதிரைகளை ஓட்டத்துக்கு முன் நடத்திக் காட்டும் வட்டம் அது. அரைமணி நேரம் அங்கே நின்றால் நிறையத் தெரியும். தலையைத் தாழ்த்தி, நீட்டி எட்டு வைத்து, ரோமம் பளபளக்க நடக்கிறதா? இல்லை, இழுத்துக்கொண்டு திமிறிச் சக்தியை அங்கேயே செலவழிக்கிறதா? தொடைகளுக்கு நடுவே நுரை கட்டினால் பதற்றம் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நம் வெயிலில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, இங்கே எல்லாக் குதிரையும் வியர்க்கும். உண்மையில் பயப்பட வேண்டியது வியர்க்காத குதிரைக்கு. இங்கே ஓடும் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்தவை. சிலவற்றுக்கு நம் சூடு ஒத்துக்கொள்ளாமல் வியர்வையே நின்றுவிடும். உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் மூச்சு வாங்கும். அப்படி நிற்கிற குதிரையைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துவிடும். அதன்மேல் கட்டாதீர்கள்.

எந்த வகையில் கட்டுவது? முதல் நாள் 'வின்', 'பிளேஸ்' இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளேஸ் என்றால் குதிரை முதல் மூன்றுக்குள் வந்தால் போதும். ஓடும் குதிரைகள் குறைவென்றால் முதல் இரண்டுக்குள். கிடைப்பது சிறியது, ஆனால் புதியவருக்கு ஏற்றது. முதல் இரண்டு, மூன்று இடங்களில் வரும் குதிரைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஃபோர்காஸ்ட், டியர்ஸ் எல்லாம் பெரிய தொகை காட்டும், காசையும் வேகமாகத் தின்னும். அப்புறம், உங்கள் கூட்டத்தில் முஸ்லிம் நண்பர் இருந்தால் அவரைச் சீட்டு வாங்கச் சொல்லாதீர்கள். ஷரியா சட்டத்தில் அது அவருக்குக் குற்றம்.

முதல் ஓட்டத்தில் எதுவும் கட்டாமல், கடைசி 200 மீட்டர் வேலியோரம் போய் நில்லுங்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் கடக்கும்போது குளம்புச் சத்தம் தரையிலிருந்து உங்கள் காலில் ஏறும். இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கிற அம்பாங் சாலை நிலத்தில்தான் முன்பு இந்தப் பந்தயம் நடந்தது. அதற்குப் பிறகு சுங்கை பெசிக்கு மாறியது. சிங்கப்பூரில் கிராஞ்சி மைதானம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு மூடியே போய்விட்டது. பார்க்கக் கிடைக்கும்போது நன்றாகப் பாருங்கள்.

ஓட்டம் முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். ஜாக்கிகள் சேணத்தோடு திரும்ப எடை பார்க்க வேண்டும். யாராவது வழிமறித்ததாகப் புகார் வந்தால் நடுவர்கள் படத்தைப் போட்டுப் பார்த்து இடங்களை மாற்றுவார்கள். முடிவு அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்படும்வரை சீட்டு உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.