வாசகர் கேள்விகள்: மணி ஒலித்த பிறகு எரிந்த நகரம்

(‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் பிறகு படிக்கவும். முடிவு விரிவாகப் பேசப்படுகிறது.)

கேள்வி: தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். டிராகன் பறப்பதையும் இறந்தவர்கள் எழுந்து நடப்பதையும் ஏற்றுக்கொண்ட ரசிகர்கள், கடைசி சீசனை மட்டும் நம்ப முடியவில்லை என்று கொதித்தது ஏன்?

பதில்: மாயக் கதையைப் பார்க்க உட்காரும்போதே அந்த உலகத்தின் விதிகளை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். டிராகன் நெருப்பைக் கக்கலாம். ஆனால் மனிதர்கள் மனிதர்களாகவே நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 2011-இல் வெளியான முதல் சீசனின் ஒன்பதாம் எபிசோடில் அதன் நாயகன் நெட் ஸ்டார்க்கின் தலை துண்டிக்கப்பட்டபோது உலகமே அதிர்ந்தது. எனினும், அரசியின் இரகசியத்தை அறிந்த அவர், இரக்கப்பட்டு அதை அவளிடமே சொல்லித் தப்பிச் செல்லுமாறு எச்சரித்ததை நாம் பார்த்திருந்தோம். 2013 ஜூனில் ஒளிபரப்பான அந்தத் திருமண விருந்துப் படுகொலையும் அப்படித்தான். அதைப் பார்த்து நண்பர்கள் அலறுவதைப் படம்பிடித்துப் பலர் இணையத்தில் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே கொல்லப்பட்ட நெட்டின் மகன் ராப் ஸ்டார்க், கொடுத்த மண வாக்கை மீறியிருந்தான் என்பதால், அழுதவர்கள்கூட கதையில் குறை காணவில்லை.

இப்போது 2019 மே 12 அன்று வெளியான எபிசோடுக்கு வருவோம். தலைநகரம் சரணடைகிறது, மணிகள் ஒலிக்கின்றன. மதில்மேல் டிராகனின் முதுகில் அமர்ந்திருக்கும், அரியணையைக் கைப்பற்ற வந்த டெனேரிஸின் முகத்தைக் கேமரா மிக அருகில் காட்டுகிறது. மூச்சு இரைக்கிறது, உதடு துடிக்கிறது, பார்வை தொலைவிலுள்ள அரண்மனையின்மேல் நிலைக்கிறது. அடுத்து அவள் எரிப்பது அரண்மனையை மட்டுமல்ல, தெருத்தெருவாகக் குடிமக்களையும்தான். அவளுக்குள் இந்தக் கொடுமைக்கான விதை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மீரீன் நகரில் 163 பிரபுக்களைச் சிலுவையில் அறைந்தவள் அவள். ஆனால் முன்பெல்லாம் சீசனுக்கு 10 எபிசோடுகள் இருந்தன. ஏழாவது சீசனில் அவை 7 ஆகவும் கடைசியில் 6 ஆகவும் சுருங்கின. உயிர்த்தோழி மிஸ்ஸாண்டேயையும் இரண்டாவது டிராகனையும் ஒரே எபிசோடில் இழந்தவள், அடுத்த எபிசோடிலேயே நகரை எரிக்கிறாள். பல மணி நேரம் காட்டியிருக்க வேண்டிய மனச்சிதைவைச் சில நொடி முகபாவத்தின்மேல் சுமத்திவிட்டார்கள். டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க் எவ்வளவு சிறப்பாக நடித்தாலும் அந்தச் சுமை ஒரு முகத்துக்கு அதிகம்.

கடைசி சீசனை மீண்டும் எடுக்கக் கோரிய இணைய மனுவில் 15 லட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டார்கள். அந்தக் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை; ஒரு படைப்பைத் திருப்பி அனுப்பி மாற்றித் தரச் சொல்வது, அதில் உழைத்த நூற்றுக்கணக்கான கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி. அதே சீசன் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்கு 32 பரிந்துரைகளைப் பெற்று, சிறந்த நாடகத் தொடர் உட்பட 12 விருதுகளை வென்றதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: கடைசி சீசனின் மூன்றாம் எபிசோடில் எதுவுமே தெரியவில்லை. குறை என் டிவியிலா?

பதில்: முழுக் குறையும் உங்கள் டிவியுடையது அல்ல. இறந்தவர்களின் படையோடு நடக்கும், 55 இரவுகள் படமாக்கப்பட்ட அந்தப் போரைப் பார்த்து உலகெங்கும் இதே புகார் எழுந்தது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னரோ, பலருக்கு டிவியைச் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரிவதில்லை என்று விளக்கம் தந்தார். காணொளியைச் சுருக்கி அனுப்பும்போது கறுப்பை ஒட்டிய நிறங்களின் நுண்ணிய வேறுபாடுகளே முதலில் அழிந்து, திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்குகின்றன. டெனேரிஸின் படையிலுள்ள டோத்ராக்கி குதிரை வீரர்கள் தீப்பற்றிய வாள்களோடு இருளுக்குள் பாய, தொலைவில் அந்த ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் காட்சியில் இருளே கதை சொல்கிறது. அதைப் பார்த்து நான் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தேன். ஆனால் பனிப்புயலுக்குள் டிராகன்கள் மோதும் இடத்தில் எது யாருடையது என்றே புரியாதது படைப்பின் குறைதான். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, டிவியைத் திரைப்பட அமைப்பில் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: டெனேரிஸின் பெயரைக் குழந்தைகளுக்கு வைத்தவர்கள் பிறகு வருந்தினார்களா?

பதில்: பலர் வைத்தது அவள் பெயரையல்ல, பட்டத்தை. ‘கலீசி’ என்பது டோத்ராக்கித் தலைவனின் மனைவிக்குரிய பட்டம். 2018-இல் மட்டும் அமெரிக்காவில் 500-க்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளுக்கு அது சூட்டப்பட்டது. அப்போது அந்தப் பெற்றோர் அறிந்திருந்தவள், அஸ்டபோர் நகரில் அடிமைகளை விடுவித்த பெண். வருந்தியவர்களும் உண்டு, பெயர் பெயர்தான் என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. இத்தனை வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட ஒருத்தியின் வீழ்ச்சிக்கு இன்னும் நான்கு எபிசோடுகளாவது ஒதுக்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.