ஸ்பாம் வடிகட்டி இருந்தும் மின்னஞ்சல் இன்பாக்ஸ் ஏன் நிரம்பி வழிகிறது?

வடிகட்டி தடுப்பது விளம்பரம், மோசடி போன்ற குப்பையை மட்டுமே. மீதிச் சுமையில் பெரும்பங்கு நம் பழக்கங்களால் வருவது என்பதே என் கருத்து.

முதல் குற்றவாளி 'அனைவருக்கும் பதில்' பொத்தான். 20 பேர் உள்ள குழுவில் ஒருவர் அறிவிப்பு அனுப்புகிறார். மற்ற 19 பேரும் எல்லோருக்கும் 'நன்றி' என்று பதில் போட்டால், 19 பேர் தலா 19 பேருக்கு, ஆக 361 பிரதிகள் போய்ச் சேரும். அத்தனையிலும் ஒரே சொல்!

அடுத்தது சிசி (CC, 'கார்பன் காப்பி'), அதாவது மின்னஞ்சலின் நகலை மற்றவர்களுக்கும் அனுப்பும் வசதி. கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த காலத்திலிருந்து வந்த பெயர் அது. அன்று பிரதி கூடக்கூட எழுத்து மங்கும். அதனால் யாருக்குத் தேவை என்று யோசித்தார்கள். இன்று அந்தத் தடையே இல்லை. 'பிறகு என்னைக் கேட்கக் கூடாது' என்ற பயத்திலேயே மேலதிகாரிகள் எல்லோரையும் சேர்த்துவிடுகிறோம்.

அரைகுறையாக எழுதுவதும் பெரிய காரணம். 'நாளை பேசலாமா?' 'எப்போது?' 'காலையில்.' 'எத்தனை மணிக்கு?' நான்கு மின்னஞ்சல்கள் போன பிறகும் நேரம் முடிவாகவில்லை. 'நாளை காலை 10 மணிக்குத் தொலைபேசியில் பேசலாமா?' என்று கேட்டிருந்தால் 'சரி' என்ற ஒரே பதிலோடு முடிந்திருக்கும்.

வந்த நொடியே பதில் அனுப்பும் வழக்கம் இருந்தால் அதையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். உடனடிப் பதில், எதிர்முனையில் இருப்பவரையும் உடனே எழுத வைக்கிறது.