புழுக்கை எண்ணும் வேலை: ஸ்காட்லாந்து மான்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், ஸ்காட்லாந்தில் காட்டு மான்களின் எண்ணிக்கையை ஏன் குறைக்கிறார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மான் மேலாண்மையில் கொள்கையும் தரவும்தான் என் அன்றாட வேலை. அதனால் தெரிந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

"மானைச் சுட்டுக் கொல்வதை இயற்கைப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனசு ஒப்பவே இல்லை. அதுபாட்டுக்கு அதை விட்டுவிட்டால் என்ன?"

மனசு ஒப்பாதது சரிதான், எனக்கும் அது லேசாக இருந்ததில்லை. ஆனால் 'அதுபாட்டுக்கு விடுவது' என்றால் என்ன ஆகும் என்பதை ஒரு இடத்தில் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். மேற்குக் கரைக்கு அப்பால் ரம் என்று ஒரு தீவு. அங்கே 1953 முதல் செம்மான்களை ஆராய்ந்து வருகிறார்கள். தீவின் வடபகுதியில் 1972-இல் சுடுவதை அடியோடு நிறுத்தினார்கள், ஒவ்வொரு மானையும் தனித்தனியாக அடையாளம் வைத்துப் பிறப்பு முதல் சாவு வரை குறித்துக்கொண்டே வந்தார்கள். பெண் மான்கள் பெருகின. பெருகப் பெருக, குட்டிகளில் நிறைய முதல் குளிர்காலத்தைத் தாண்டாமலே செத்தன, பிணைகள் (வளர்ந்த பெண் மான்கள்) முதல் குட்டி போடும் வயதும் தள்ளிப்போனது. அதாவது துப்பாக்கி செய்யாததைப் பசியும் மழையும் குளிரும் செய்தன, அதுவும் மெதுவாக, குட்டிகளிடமிருந்து ஆரம்பித்து.

இது மானின் பக்கம். காட்டின் பக்கம் இன்னொன்று இருக்கிறது. இங்கே ஓநாய் 17, 18-ஆம் நூற்றாண்டுகளோடு போய்விட்டது, லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனை அதற்கும் முன்பே. வளர்ந்த மானை வேட்டையாடும் விலங்கு எதுவும் மிச்சமில்லாத மலையில் மான் எங்கே வேண்டுமானாலும் நின்று நிதானமாக மேயலாம். 1990-இல் சுமார் 5 லட்சமாக இருந்த ஸ்காட்லாந்தின் மான்கள் இப்போது 10 லட்சம் வரை இருக்கலாம் என்பது அரசே சொல்லும் மதிப்பீடு. பிர்ச், ரோவன், ஸ்காட்ஸ் பைன் கன்றுகள் முளைக்காமல் இல்லை, முளைக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஹெதர் புதருக்கு மேலே தலை நீட்டியதும் நுனி போய்விடும். நூறு, இருநூறு வயது மரங்கள் நிற்கும், அவற்றுக்குக் கீழே பத்து வயதில் ஒரு மரம்கூட இருக்காது. பேரப்பிள்ளை இல்லாத ஊர் மாதிரி இருக்கும் அந்தக் காடு, போய் நின்று பார்த்தால் மனசு கனத்துவிடும்.

நம்பிக்கை தருகிற இடமும் உண்டு. கிரெய்க் மெகி என்ற மலைப்பகுதியில் வணிகத்துக்காக ஸ்ப்ரூஸ் மரம் நட இருந்தார்கள், 1985-இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை வாங்கியது. வேலி போடவில்லை, மான்களைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். பிர்ச் தானாகவே மலையேறியது. மான்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

"ஒளிந்து வாழும் விலங்கை எப்படி எண்ணுகிறீர்கள்? சொல்கிற எண்ணிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?"

திறந்த மலை என்றால் ஹெலிகாப்டர். குளிர்காலக் கடைசியில் பனி மூடியிருக்கும்போது பறந்து, கூட்டம் கூட்டமாகப் படமெடுத்து, பிறகு திரையில் ஒவ்வொன்றாக எண்ணுவோம். வெள்ளைப் பனியில் பழுப்பு மான் தெளிவாகத் தெரியும். இப்போது வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனும் வந்துவிட்டது, அடர்ந்த இலை இருந்தால் அதற்கும் கண் கட்டிவிடும்.

காட்டுக்குள் என்றால் புழுக்கைதான், சிரிக்காதீர்கள். சிறு சிறு கட்டங்களாக நிலத்தைக் குறித்துக்கொண்டு, அதிலுள்ள பழைய புழுக்கையை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்ப வந்து புதிதாக விழுந்த குவியல்களை எண்ண வேண்டும். கணக்கு எளிது. கட்டங்கள் எல்லாம் சேர்ந்து அரை ஹெக்டேர், இடைவெளி 100 நாள், கிடைத்தவை 250 குவியல், ஒரு மான் நாளைக்கு 25 முறை போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஹெக்டேருக்கு 0.1 மான், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 20. அந்த 25-ஐ 20 என்று மாற்றிப் பாருங்கள், விடை உடனே 25 ஆகிவிடும். அதனால்தான் ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு சண்டைக்கு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே அப்படி நின்றவன்தான். ஒரு எஸ்டேட் (இங்கே தனியாருக்குச் சொந்தமான பெரிய மலைநிலத்தை அப்படித்தான் சொல்வார்கள்) கூட்டத்தில் என் எண்ணிக்கையை வைத்துப் பேசினேன். அங்கே முப்பது வருஷமாக மலையேறும் ஸ்டாக்கர் ஒருவர் (மானைத் தேடிப் போய்ச் சுடுவதுதான் அவர்கள் தொழில்) பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது?" என்றார். வடக்கிலிருந்து அடித்திருந்தது. மான்கள் காற்றுக்கு மறைவாக முகட்டைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குப் போயிருந்தன, நான் எண்ணியது மிச்சத்தை. அன்றிலிருந்து, முகட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் எண்ணாத கணக்கை நான் ஏற்பதில்லை.

எண்ணிக்கையைவிட நான் நம்புவது செடியை. முழங்கால் உயர ரோவன் கன்று ஒன்றைக் கையில் பிடித்து நுனியைப் பாருங்கள். நார் நாராகக் கிழிந்திருந்தால் மான், கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் அது கடிப்பதில்லை, பற்றி இழுத்துப் பிய்க்கும். இப்படி நூற்றுக்கணக்கான கன்றுகளை வருஷா வருஷம் ஒரே இடத்தில் பார்த்துப் பதிந்தால், எத்தனை மான் என்பது சரியாகத் தெரியாவிட்டாலும் அந்த நிலத்துக்கு அது அதிகமா இல்லையா என்பது தெரிந்துவிடும். கடைசியில் நமக்கு வேண்டியதும் அதுதானே?

"கொம்புள்ள ஆண் மான்களைச் சுட்டாலே எண்ணிக்கை குறைந்துவிடாதா? தாய் மானையாவது விட்டுவிடலாமே?"

குறையாது. ஒரு ஆண் மான் பல பிணைகளோடு சேரும், பாதி ஆண்களை எடுத்தாலும் அடுத்த ஜூனில் குட்டிகள் பிறக்கத்தான் போகின்றன. ஒரு நிலத்தில் 1,000 பிணைகள், 100 பிணைக்கு 40 குட்டி குளிர்காலத்தைத் தாண்டுகிறது என்று வையுங்கள். 400 குட்டியில் 200 பெண். இந்த 200-இலிருந்து தானாகச் சாகும் பிணைகளின் எண்ணிக்கையைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குச் சமமாகப் பிணைகளைச் சுட்டால்தான் எண்ணிக்கை அப்படியே நிற்கும். குறைய வேண்டும் என்றால் அதற்கும் மேலே. செம்மான் பிணைகளைச் சுட அனுமதியுள்ள காலம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரைதான், அதுவும் பகல் சிறுத்து, மழையும் பனியுமாக இருக்கும் மாதங்கள். தாயைச் சுட்டால் அதை நம்பியிருக்கும் குட்டியையும் விட்டுவைக்கக் கூடாது, விட்டால் பட்டினி கிடந்து சாகும். வேட்டை விருந்தினர் காசு கொடுத்து வருவது கொம்புக்காக; இந்தக் கனமான வேலை ஸ்டாக்கர்கள் தலையில்தான் விழுகிறது. ஆண் மான்களைச் சுடக்கூடாத காலம் என்று இருந்ததை 2023 அக்டோபரில் அரசு நீக்கியது. அது நடவுக் காடுகளில் உதவலாம், ஆனால் பிணைக் கணக்கு மாறாதவரை பெரிய வித்தியாசம் வராது என்பது என் கருத்து.

"மான் யாருக்குச் சொந்தம்? அரசு ஒரு உத்தரவு போட்டால் முடிந்துவிடாதா?"

உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் சொந்தமில்லை. சுடும் உரிமை மட்டும் நில உரிமையோடு போகிறது. பிரச்சினையே இங்கேதான். மானுக்கு வேலி எல்லை தெரியாது, ஒரு எஸ்டேட்டுக்கு மான் நிறைய வேண்டும், பக்கத்து நிலத்துக்காரருக்குக் காடு வளர வேண்டும். அரசின் நேச்சர்ஸ்காட் அமைப்பு முதலில் பேசிப் பார்க்கும், அப்புறம் 1996-ஆம் ஆண்டு மான் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி தன்விருப்ப ஒப்பந்தம், அதற்கும் மசியாவிட்டால் 8-ஆவது பிரிவில் கட்டாயத் திட்டம். கட்டாயம் வரைக்கும் போவது மிக அபூர்வம். 2017-இல் அரசு அமைத்த தனிக்குழு 2020-இல் 99 பரிந்துரைகள் தந்தது, பெரும்பாலானதை 2021-இல் அரசு ஏற்றது. திறந்த மலைப்பரப்புகளில் சதுர கிலோமீட்டருக்கு 10 செம்மான் என்பதை உச்ச வரம்பாக வைக்கச் சொன்னது அந்தக் குழுதான். தொடக்கக் கோடாக அது நல்லது. ஆனால் அதையே இலக்காக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அது தப்பு. மரம் முளைக்க வேண்டிய சில இடங்களில் ஐந்துகூட அதிகம்.

"வேலி போடலாமே? அல்லது ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமே?"

வேலி சில இடங்களில் தேவைதான். ஆனால் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி வேகமாகப் பறந்து வந்து அதில் மோதிச் சாகிறது, அதுவே அழியும் நிலையில் உள்ள பறவை. ஓநாய் பற்றிய பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. லின்க்ஸ் வந்தாலும் அது அதிகம் பிடிப்பது சிறிய ரோ மானை, மலையில் நிற்கும் செம்மானை அல்ல.

"நான் புள்ளியியல் படித்துவிட்டு எடின்பரோவில் வேலை தேடுகிறேன். இந்தத் துறைக்கு வர என்ன தெரிந்திருக்க வேண்டும்?"

வாருங்கள், ஆள் வேண்டும். எஸ்டேட்டுகள் அனுப்பும் வருடாந்திரச் சுடுகணக்கை வைத்து எண்ணிக்கையைக் கணிக்கும் கணித மாதிரி கட்டத் தெரிய வேண்டும், ஜிஐஎஸ் (கணினியில் இடம்சார்ந்த தரவைக் கையாளும் முறை) வரைபடம் தெரிய வேண்டும், உங்கள் எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதை அமைச்சருக்கும் புரிகிற மாதிரி ஒரு பத்தியில் எழுதத் தெரிய வேண்டும். இதையெல்லாம் மேசையிலேயே கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு குளிர்காலமாவது யாராவது ஸ்டாக்கரோடு மலையேறுங்கள், நனைந்த கையோடு நான்கு கட்டம் புழுக்கை எண்ணுங்கள், சுட்ட பிணையை இழுத்து வந்து குளிரறையில் எடை போட்டு வயதைக் குறிக்கும்வரை கூட நில்லுங்கள். விண்ணப்பத்தை அதற்கப்புறம் எழுதலாம்.