“கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?”: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவின் லேசி பீட்டர்சன் வழக்கைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவியைக் காணவில்லை என்று நிற்கும் கணவனை அன்றிரவே காவல் நிலையத்தில் உட்கார வைத்து, மனைவி என்ன உடுத்தியிருந்தார், தொலைக்காட்சியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்பது மனிதத்தன்மைதானா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உடையின் நிறம் தெரியாமல் தேடப் போகிறவர்கள் யாரைத் தேடுவார்கள்? அந்தக் கேள்விகள் முதலில் தேடுதலுக்கே தேவைப்படுகின்றன. சந்தேகம் என்று ஒன்று பிறகு எழுந்தால், அதே பதில்கள் சரிபார்ப்பதற்கும் பயன்படுகின்றன.

2002 டிசம்பர் 24 அன்று கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் லேசி காணாமல் போனார். அன்று காலை சுமார் 9.30 மணிக்குத் தாம் கிளம்பியபோது மனைவி வீட்டில் இருந்தார், நாயை அழைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவதாகச் சொன்னார், கறுப்புக் கால்சட்டையும் வெள்ளை மேல்சட்டையும் அணிந்திருந்தார் என்று கணவர் ஸ்காட் பீட்டர்சன் கூறினார். தாம் ஏறத்தாழ 90 மைல் தொலைவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள பெர்க்லி படகுத்துறைக்கு மீன்பிடிக்கச் சென்றதாகச் சொல்லி, அங்கே வாங்கிய ரசீதையும் கொடுத்தார். ஆனால் தாம் கோல்ஃப் ஆடப் போயிருந்ததாக அன்று மாலை அவர் தங்களிடம் சொன்னார் என்று அண்டை வீட்டார் ஒருவரும் லேசியின் உறவினர் ஒருவரும் பின்னர் சாட்சியம் அளித்தார்கள்.

இப்போது கடிகாரத்தைக் கவனியுங்கள். காலை 10.08 மணிக்கு ஸ்காட்டின் கைப்பேசி அழைப்பு ஒன்று வீட்டுப் பகுதியின் கோபுரம் வழியாகப் பதிவாகியிருந்தது. 10.18 மணியளவில், கழுத்தில் வாருடன் தெருவில் திரிந்த அவர்களுடைய நாயைப் பக்கத்து வீட்டுப் பெண் பிடித்து, வீட்டின் பின்முற்றத்தில் கொண்டுபோய் விட்டார். அவர் நேரத்தைத் தம் நினைவிலிருந்து சொல்லவில்லை. கடை ரசீதை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னார். கணவர் சொல்வது உண்மையானால், 10.08 வரை வீட்டருகே இருந்த அவர் கிளம்பிய பின், அந்தப் பத்து நிமிடங்களுக்குள் லேசி வெளியே வந்து யாராலோ கடத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. நாயுடன் நடந்த கர்ப்பிணி ஒருவரைப் பார்த்ததாகச் சிலர் கூறியதையும், எதிர்வீட்டில் அந்த நாட்களில் நடந்த திருட்டையும் எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டியது என்றாலும், என் பார்வையில் இந்த வழக்கில் மிகவும் கனமான சான்று இந்த நேர இடைவெளிதான்.

உடை பற்றிய பதிலும் அப்படியே பரிசோதிக்கப்பட்டது. 2003 ஏப்ரல் 14 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் கிடைத்த லேசியின் உடலில் வெளிர்பழுப்புக் கால்சட்டை இருந்தது. கணவர் சொன்ன கறுப்பு இல்லை. முந்தைய நாள் மாலை லேசி வெளிர்நிறக் கால்சட்டையுடன் இருந்ததை அவருடைய சகோதரி பார்த்திருந்தார்.

தொலைக்காட்சி விவரமோ கணவருக்குச் சாதகமாகத் திரும்பியது. மார்த்தா ஸ்டூவர்ட்டின் சமையல் நிகழ்ச்சியை மனைவி பார்த்துக்கொண்டிருந்தார், அதில் முட்டை வெள்ளைக்கருவை நுரைத்துச் செய்யும் ‘மெராங்’ பற்றிய பேச்சு வந்தது என்று ஸ்காட் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு 23ஆம் தேதி நிகழ்ச்சியில்தான் வந்தது என்று அரசுத் தரப்பு கூற, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மார்க் ஜெராகோஸ் 24ஆம் தேதி நிகழ்ச்சியின் பதிவை நீதிமன்றத்தில் போட்டுக்காட்டினார். அதிலும் மெராங் இருந்தது. தொலைக்காட்சியை ஸ்காட் தனியாகவும் பார்த்திருக்கலாம் என்பது வேறு விஷயம். அன்றிரவு துப்பறிவாளர் புரோச்சினி இவற்றையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போயிருந்தால், கணவருக்கு ஆதரவான இந்த ஒரு புள்ளியும் பதிவாகியிருக்காது.

கேள்வி: அவர் அழவில்லை என்பதற்காகவே குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்கிறார்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அப்படி முடிவு கட்டின என்பது உண்மை. துக்கம் எல்லோரிடமும் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை என்பதால், முகத்தை வைத்து எழுதும் தீர்ப்பை நான் ஒருபோதும் நம்புவதில்லை. இந்த வழக்கில் அவரைக் கவிழ்த்தது கண்ணீரின்மையைவிட அவர் சொன்ன பொய்கள். வேறு பெண்ணுடன் தொடர்பு இல்லை என்று விசாரணையில் மறுத்திருந்தார். ஆனால் டிசம்பர் 30 அன்று, அவருடன் பழகிவந்த ஆம்பர் ஃப்ரே என்ற பெண் தாமாகவே காவல்துறையை அணுகினார். மனைவி காணாமல் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, டிசம்பர் 9 அன்று, மனைவியை இழந்துவிட்டதாக ஸ்காட் அவரிடம் அழுதிருந்தார். மீன்பிடிப் படகை அவர் வாங்கியதும் அதே நாளில்தான். லேசிக்காக ஊரார் மெழுகுவத்தி ஏற்றிய புத்தாண்டுக்கு முந்தைய நாளில், தாம் பாரிஸில் இருப்பதாக ஆம்பரிடம் தொலைபேசியில் கதை சொன்னார். இந்த உரையாடல்களை ஆம்பர் காவல்துறைக்காகப் பதிவு செய்தார். குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழு (ஜூரி) அவற்றைக் கேட்டது. ஸ்காட் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

கேள்வி: உண்மை கண்டறியும் சோதனைக்கு அவர் மறுத்ததே போதுமான சான்றில்லையா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலன்றி அந்தச் சோதனையின் முடிவைக் கலிபோர்னியா நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. நம் உச்ச நீதிமன்றமும் 2010இல், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தி அதைச் செய்யக்கூடாது என்று கூறிவிட்டது.

கேள்வி: தண்டனை என்ன ஆயிற்று? (வாசகி, மதுரை)

பதில்: 2004 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2005இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நடுவர் குழுத் தேர்வில் நேர்ந்த பிழைக்காக மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் அந்தத் தண்டனையை மட்டும் நீக்கியது. 2021 டிசம்பரில் பரோலுக்கு இடமில்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தாம் நிரபராதி என்றே அவர் இன்றும் சொல்கிறார்.

கேள்வி: நம் நாட்டில் ஒரு கணவர் காவலரிடம் இப்படிச் சொன்னவை அவருக்கு எதிராக நிற்குமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் நிற்காது. விசாரணையில் காவலர் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது என்றும், சாட்சியின் முரண்பாட்டைக் காட்டுவது போன்ற குறுகிய நோக்கங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்றும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவு கூறியது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு. பின்னாளில் குற்றஞ்சாட்டப்படுபவர் சொன்னதற்கும் இந்தத் தடை பொருந்தும் என்று பக்காலா நாராயணசுவாமி வழக்கில், ஆங்கிலேயர் ஆட்சியில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1939இலேயே தீர்ப்பளித்தது. ஆகவே ஸ்காட் புரோச்சினியிடம் சொன்னவற்றில் பெரும்பகுதி நம் நீதிமன்றத்தில் நுழைந்திருக்காது. அண்டை வீட்டாரிடம் சொன்ன கோல்ஃப் கதை மட்டும் நுழைந்திருக்கும். ஆனால் கணவனும் மனைவியும் மட்டும் இருந்த வீட்டுக்குள் கொலை நடந்ததாக அரசுத் தரப்பு அடிப்படைச் சான்றுகளை நிறுவிவிட்டால், என்ன நடந்தது என்று விளக்கும் பொறுப்பு, பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி கணவருக்கு வந்து சேரும். 2006ஆம் ஆண்டின் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகக் கூறியுள்ளது. அப்போது அவர் மௌனமாக இருந்தாலும், பொய்யான விளக்கம் தந்தாலும், அது சான்றுச் சங்கிலியின் இன்னொரு கண்ணியாகவே கொள்ளப்படும்.