பழைய ஒண்ணா, புது ரெண்டா?

கேள்வி: "காசின் வடிவத்தை மாற்றி மாற்றியே சில்லறை மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். முப்பது வருடமாகக் காசு சேர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ரசனை இல்லாத பேச்சு. அமெரிக்காவில் பத்து வாரத்துக்கு ஒரு புதுக் கால் டாலர் விட்டார்கள், நாடே சேர்த்தது. இங்கேயும் வருடம் ஒரு புது வடிவம் வந்தால் பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் காசைத் திருப்பிப் பார்ப்பார்கள். இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை ஐயா. எனக்குக் கண் தெரிகிறது.

தாம்பரம் மின்சார ரயிலில் பார்வையற்ற ஒருவரிடம் ஒரு முறை ஊதுபத்தி வாங்கினேன். பாக்கெட் பத்து ரூபாய். பையைத் துழாவி நாலு காசு எடுத்துக் கொடுத்தேன்: ஓர் ஐந்து, இரண்டு ரெண்டு, ஓர் ஒன்று. அவர் ஒவ்வொரு காசாக எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவி, உள்ளங்கையில் லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கடைசிக் காசில் கை நின்றுவிட்டது. "சார், இது பழைய ஒண்ணா, புது ரெண்டா?" என்றார். எட்டிப் பார்த்து "ரெண்டு" என்றேன். பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். நான் பொய் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் போட்டுக்கொண்டு போயிருப்பார்.

அவர் கையில் ஒரு குறையும் இல்லை. 1992 முதல் புழங்கிய எஃகு 1 ரூபாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011-ல் ரூபாய்க் குறியோடு வந்த 2 ரூபாய்க்கும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம், அதே எஃகு. அந்த வரிசையில் வந்த 1 ரூபாயோ பழைய எஃகு 50 காசின் அளவுக்கு இறங்கிவிட்டது. சரி, அத்தோடு விட்டார்களா? 2019-ல் இன்னொரு வரிசை. அதில் 25 மில்லிமீட்டர் வட்டத்தை 5 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள்; நிறம் மஞ்சள், எடை கொஞ்சம் கூடுதல். 2011-ல் 5 ரூபாய் இருந்த 23 மில்லிமீட்டரில் இப்போது 2 ரூபாய் உட்கார்ந்திருக்கிறது. ஒரே வட்டம் ஒரு காலத்தில் 1, அப்புறம் 2, அப்புறம் 5. இதில் எதுவும் செல்லாக்காசாகவில்லை. எல்லாமே இன்றைக்கும் பூக்காரம்மாவின் ஒரே சுருக்குப்பையில் கிடக்கின்றன.

இத்தனைக்கும் 2019 வரிசை பார்வையற்றோரை மனதில் வைத்தே செய்யப்பட்டது. வெளியீட்டு விழாவுக்குப் பார்வையற்ற குழந்தைகளையே அழைத்திருந்தார்கள். மதிப்பு ஏற ஏற அளவும் எடையும் ஏற வேண்டும் என்ற நல்ல விதியைப் பிடித்துக்கொண்டார்கள். 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு மூலை வைத்தது உண்மையிலேயே புத்திசாலித்தனம். 10-ம் 20-ம் 27 மில்லிமீட்டர்தான் என்றாலும் மூலை காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அந்த விதி அந்த வரிசைக்குள் மட்டும்தான் செல்லும். பழைய வரிசைக் காசு ஒன்று நடுவில் புகுந்தால் கணக்கு குழம்பிவிடுகிறது. பழசைத் திரும்பப் பெறாமல் புதுசுக்கு மட்டும் விதி எழுதினால் வேறு என்ன ஆகும்?

எங்கள் தலைமுறை கண்ணை மூடிக்கொண்டு காசு எண்ணிய தலைமுறை. 5 பைசா சதுரம். 3 பைசா ஆறு மூலை. 10 பைசாவுக்கு ஓரமெல்லாம் வளைவு வளைவாக இருக்கும். இருட்டில் உண்டியலுக்குள் கையை விட்டாலே எது எது என்று தெரிந்துவிடும். (தெரிந்துகொண்டு என்ன செய்தோம் என்பது இந்தப் பக்கத்துக்கு வேண்டாம்.) 2 ரூபாய்க்குக்கூடப் பதினோரு மூலை இருந்தது, 2005-ல் அதையும் மழித்து வட்டமாக்கினார்கள். 2007-ல் வந்தது முத்திரை வரிசை: 50 காசில் மடக்கிய கை, 1 ரூபாயில் கட்டைவிரல், 2 ரூபாயில் இரண்டு விரல். எழுத்து தெரியாதவரும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்ற யோசனை அருமை. என்ன பயன்? 1-க்கும் 2-க்கும் அளவில் சுமார் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்தி நேரத்தில் சந்தையில் நின்று யார் விரலை எண்ணிக்கொண்டிருப்பார்கள்? அதற்கு முந்தைய வடிவத்தில் இருந்த குறுக்குக் கோடு சிலுவை என்று ஒரு சண்டை வேறு நடந்தது. ஆக 2004-லிருந்து 2011-க்குள் 1 ரூபாய்க்கு நாலு முகம்: தானியக் கதிர், அந்தக் குறுக்குக் கோடு, முத்திரை, ரூபாய்க் குறி. ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் நாலு.

இப்போது உங்கள் அமெரிக்காவுக்கு வருகிறேன். 1999 முதல் 2008 வரை வருடத்துக்கு ஐந்து என்று ஐம்பது மாநிலங்களுக்கும் கால் டாலர் வெளியிட்டது உண்மைதான். நாடே சேர்த்ததும் உண்மை. அதில் மாறியது எது? காசின் ஒரு பக்கத்துப் படம். மறுபக்கத்தில் 1932 முதல் இருக்கும் வாஷிங்டன் முகம் அப்படியே இருந்தது. அளவு, எடை, உலோகம், விளிம்பு எதையும் தொடவில்லை. காசு போட்டால் குளிர்பானம் தள்ளும் இயந்திரத்துக்கு ஐம்பது மாநிலம் வந்து போனதே தெரியாது. பிரிட்டனிலும் அப்படித்தான். லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு 50 பென்னியில் 29 படம் போட்டார்கள். 29-ம் அதே ஏழு மூலைக் காசில். நீங்கள் கேட்பது சட்டையை மாற்றச் சொல்லி. நான் எழுதியது உடம்பை மாற்றுவதைப் பற்றி. போன இதழில் 'வடிவம்' என்று பொதுவாக எழுதி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ரசனை இல்லாதவன் என்கிறீர்கள். என் மேசை இழுப்பறையில் 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் ஒன்று இருக்கிறது. டீக்கு நோட்டு நீட்டியபோது மீதியாக வந்தது. அதில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. இன்றுவரை செலவழிக்க மனம் வரவில்லை. 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசும், பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக் காசும் அப்படியே. இவற்றுக்கெல்லாம் நான் எதிரி இல்லை.

ஆனால் சேகரிப்பவருக்கு அடிக்கடி மாற்றம் வேண்டும் என்பதை நான் நம்பவில்லை. அமெரிக்க ஒரு சென்ட்டில் லிங்கன் முகம் வந்தது 1909-ல். ஒரு நூற்றாண்டு தாண்டியும் அதே முகம்தான். அதைச் சேர்ப்பவர்கள் குறைந்தார்களா? முதல் வருடத்தில் சான் பிரான்சிஸ்கோவில் அடித்து, வடிவமைத்தவரின் மூன்று முதலெழுத்துகளைத் தாங்கிய காசு 4,84,000 மட்டும்தான். அந்த மூன்று எழுத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சில்லறையைக் கொட்டிக் கொட்டித் தேடியிருக்கிறார்கள். முகம் மாறாமல் இருந்ததால்தான் அந்தச் சின்ன வித்தியாசம் கண்ணில் பட்டது. உங்கள் ஆல்பத்திலேயே பாருங்கள். கதிர் போட்ட 1 ரூபாய்க்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? வருடத்துக்குக் கீழே புள்ளி என்றால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைர வடிவம் என்றால் மும்பை, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. இந்த வேட்டைக்குப் புது வடிவம் எதற்கு? நல்ல கண்ணும், சில்லறை கொட்டிக் கொடுக்கும் ஒரு மளிகைக்கடைச் சிநேகிதமும் போதும்.

வருடம் ஒரு புதுசு வந்தால் நடப்பது வேறு. குறைவாக அடித்த காசு புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே டப்பாவுக்குள் போய்விடும். 2009-ல் பிரிட்டன் கியூ பூங்காவுக்காக 2,10,000 மட்டும் அடித்த 50 பென்னி இன்று கடையில் மீதியாக வருமா? வராது. விலைக்குத்தான் வரும். இங்கேயோ "இந்த 5 ரூபாய் உங்களிடம் இருந்தால் லட்சாதிபதி" என்று செல்போனில் வலை விரிக்கிறார்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே கமிஷன் கேட்கிறார்கள் என்று 2021-ல் அந்த வங்கியே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் செல்போனைக் கீழே வைப்பார்கள் என்கிறீர்கள். பெரியவர்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்களே!

இனி என் கட்சி கொஞ்சம் நொண்டும் இடம். நீங்கள் அடுத்த கடிதத்தில் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 10 ரூபாய்க் காசின் உடம்பு ஆரம்பத்திலிருந்தே மாறவில்லை: 27 மில்லிமீட்டர், இரண்டு உலோகம். படம் மட்டும்தான் மாறிக்கொண்டே வந்தது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் பாதிக் கடைகளில் அதை வாங்க மறுத்தார்களே, ஏன்? காசின் முகத்தில் போட்டிருக்கும் கோடுகளை எண்ணி, 15 கோடு இருந்தால் போலி, 10 கோடு இருந்தால் அசல் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, 14-ம் செல்லும் என்று அறிவித்தது. 14440 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் அதையே சொல்லும். எங்கள் தெரு டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "கள்ளக்காசுன்னு நான் சொல்லலை சார். நான் வாங்கிக்குவேன், என்கிட்ட எவன் வாங்குவான்?" என்றார். பணம் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆக, படத்தை மாற்றினாலும் ஆபத்து உண்டு. ஊருக்குச் சொல்லாமல் மாற்றினால். அமெரிக்காவில் ஒவ்வொரு காசுக்கும் அந்தந்த மாநிலத்திலேயே வெளியீட்டு விழா நடத்தினார்கள். இங்கே வடிவத்தை முடிவு செய்வது மத்திய அரசு, கடைத்தெருவுக்கு அனுப்புவது ரிசர்வ் வங்கி. டீக்கடைக்காரரிடம் வந்து சொல்ல வேண்டியவர் யார் என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

உலோக விலை ஏறும்போது காசு இளைக்கத்தான் வேண்டும், அதையும் மறுக்கவில்லை. 1 ரூபாய் அடிக்க 1 ரூபாய் 11 காசு செலவு என்று 2018-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் வந்தது. பழைய கனமான 5 ரூபாயை உருக்கிச் சவரப் பிளேடு செய்ய எல்லை தாண்டிக் கடத்துகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. இளைக்கட்டும். இருபது முப்பது வருடத்துக்கு ஒரு முறை, பழசைத் திரும்ப எடுத்துக்கொண்டு இளைக்கட்டும். எட்டு வருடத்துக்கு ஒரு முறை இளைப்பது உடம்புக்கும் நல்லதில்லை.

உங்கள் நண்பர்கள் சேர்ந்து அரசுக்கு மனுப் போடப் போவதாக இருந்தால், புதுப் படம் கேட்கும் வரிக்கு மேலே "அளவையும் எடையையும் தொடாதீர்கள்" என்று ஒரு வரி சேருங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். அந்த டீக்கடைக்காரர் வாங்காத 10 ரூபாய்க் காசுகள் இரண்டு என் மேசை மேலேயே கிடக்கின்றன. ஒன்றில் 15 கோடு, இன்னொன்றில் 10. இரண்டும் உங்கள் ஆல்பத்தில் எப்போதோ ஏறியிருக்கும், தெரியும். இருந்தாலும் இந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு இருபது ரூபாய் நோட்டாகக் கொடுங்கள். டீ குடிக்கலாம்.