அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனைக்குத் தடையா?

கேள்வி: அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனை செய்யவே கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? அப்படியென்றால் அவர்கள் நாடாளுமன்றத்தில் மட்டும் எப்படிப் பிரார்த்தனையோடு ஆரம்பிக்கிறார்கள்?

அப்படி ஒரு சட்டம் கிடையாது. ‘1962இல் கடவுளைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்திவிட்டார்கள், அன்றிலிருந்துதான் நாடு கெட்டது’ என்ற வாட்சப் செய்தி எனக்கும் வந்திருக்கிறது. அனுப்பியவர்களில் இந்த ஊர்க்காரர்களும் உண்டு, நம் ஆட்களும் உண்டு. நாங்கள் இங்கே தெற்கு மாநிலம் ஒன்றில் பதினோரு வருஷமாக இருக்கிறோம், பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்பது அரசுப் பள்ளியில்தான், அதனால் பார்த்ததையும் படித்ததையும் கலந்தே சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகள் விஷயம். பரீட்சைத் தாளைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடி முருகா என்று சொல்லிக்கொள்ளலாம். சாப்பிடுவதற்கு முன் ஜெபம் செய்யலாம். என் பெண்ணோடு படிக்கிற சோமாலியப் பெண் ஒருத்தி மதியம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன அறையில் தொழுதுவிட்டு வருவாள், ஆசிரியர்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் பெண் சில நாள் நெற்றியில் திருநீறோடு போவாள். ஒரு வருஷம் திருநீற்றுப் புதன் அன்று கத்தோலிக்கப் பையன் ஒருவன் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து, அவளிடம் ‘இன்றைக்கு நானும் உன் டீம்’ என்றானாம். வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொல்லிச் சிரித்தாள். திருநீற்றுப் புதன் என்று தமிழில் பேர் வைத்தவர் யாரோ, அவர் இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மாணவர்கள் சேர்ந்து மதச் சங்கம் கூட நடத்தலாம். 1984இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு மாணவர் சங்கத்துக்கு, சதுரங்கச் சங்கம் என்று வையுங்கள், உயர்நிலைப் பள்ளி இடம் கொடுத்தால் பைபிள் சங்கத்துக்கு மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது. 1990இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று 8க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவ மாணவர் சங்கங்களை மனதில் வைத்து வந்த அந்தச் சட்டம்தான் இன்றைக்கு முஸ்லிம் மாணவர் சங்கத்துக்கும் நாத்திக மாணவர் சங்கத்துக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

சரி, அப்புறம் எதைத்தான் தடுத்தார்கள்? பள்ளிக்கூடமே பிரார்த்தனையை நடத்துவதை.

1962 வழக்கு நியூயார்க் மாநிலத்தில் வந்தது. மாநிலக் கல்வி வாரியம் ஒரு பிரார்த்தனையை எழுதிக் கொடுத்திருந்தது. ஆங்கிலத்தில் மொத்தமே 22 சொல், ஏசு பேர் கூட இல்லை. சர்வ வல்லமையுள்ள கடவுளே, உம்மை நம்பி இருக்கிறோம், எங்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் நாட்டையும் ஆசீர்வதியும் என்கிற மாதிரி. யார் மனதும் புண்படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த, உப்புச் சப்பில்லாத பிரார்த்தனை. விருப்பம் இல்லாத பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், வெளியே போய் நிற்கவும் செய்யலாம். அப்படியும் ஸ்டீவன் எங்கல் என்பவரும் இன்னும் நான்கு பெற்றோரும் வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 1 என்று ஜெயித்தார்கள். தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக் சொன்னதன் சாரம், மக்கள் ஓதுவதற்குப் பிரார்த்தனை எழுதித் தருவது அரசாங்கத்தின் வேலை இல்லை என்பதுதான். பிள்ளைகள் கும்பிடக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

இந்தத் தீர்ப்பு கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களின் சதி என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1844இல் பிலடெல்பியாவில் பெரிய கலவரம் நடந்தது, ஆட்கள் செத்தார்கள், கத்தோலிக்கத் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். அதற்குக் காரணமாக இருந்த சண்டைகளில் முக்கியமான ஒன்று பள்ளியில் எந்த பைபிளை வாசிப்பது என்பது. புராட்டஸ்டன்ட்காரர்களின் கிங் ஜேம்ஸ் பைபிளை எங்கள் பிள்ளைகள் ஏன் வாசிக்க வேண்டும் என்று ஐரிஷ் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள், ஒரே ஏசு. அதற்கே அந்தக் கதி. நம் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்தால் எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே பென்சில்வேனியா மாநிலத்தில், 1956இல், தினமும் காலையில் பைபிளிலிருந்து பத்து வசனம் வாசிக்க வேண்டும் என்று இருந்தது. எல்லரி ஷெம்ப் என்ற 16 வயதுப் பையன், எதிர்ப்பைக் காட்ட, அந்த நேரத்தில் குர்ஆனைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்குள் படித்தான். பிரின்சிபால் அறைக்கு அனுப்பினார்கள். வழக்கு ஏழு வருஷம் இழுத்து 1963இல் 8க்கு 1 என்று முடிந்தது, பள்ளி நடத்துகிற பைபிள் வாசிப்பு நின்றது. ஆனால் பைபிளை இலக்கியமாகவோ வரலாறாகவோ பாடத்தில் சொல்லிக் கொடுக்கலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. இதை யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

எனக்குப் பிடித்த தீர்ப்பு 1992இல் வந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழாவுக்கு யூத மதகுரு ஒருவரைப் பிரார்த்தனை சொல்ல அழைத்தார்கள். வழக்குப் போட்ட குடும்பமும் யூதக் குடும்பம்தான்! தங்கள் மதத்துக்காரரே வந்தாலும் பள்ளிக்கூடம் இதைச் செய்யக்கூடாது என்று நின்றார்கள். பிடிக்காவிட்டால் விழாவுக்கு வராமல் இருக்கலாமே என்று பள்ளித் தரப்பு சொன்னபோது, பட்டம் வாங்குகிற நாளில் வராமல் இரு என்பது ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற உண்மையான தேர்வு ஆகாது என்றது நீதிமன்றம். 5க்கு 4. நூலிழை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், நாடாளுமன்றம். அங்கே கணக்கு வேறு. பெரியவர்கள் இருக்கிற சபை, நாடு தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிற பழக்கம் என்று சொல்லி 1983இல் மாநிலச் சட்டமன்றப் பிரார்த்தனையையும் 2014இல் ஊர்சபைக் கூட்டப் பிரார்த்தனையையும் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. 2000 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் முதல்முறையாக ஓர் இந்து அர்ச்சகர் பிரார்த்தனை சொன்னார், ஒஹையோ மாநிலம் பார்மாவில் இருக்கிற சிவ விஷ்ணு கோயிலிலிருந்து போனவர். 2007 ஜூலையில் செனட்டில் ராஜன் ஸெட் என்ற இந்து மதகுரு சொல்ல ஆரம்பித்தபோது பார்வையாளர் மாடத்திலிருந்து சிலர் கத்திக் கலாட்டா செய்து, அவர்களை வெளியே கொண்டுபோன பிறகுதான் அவரால் முடிக்க முடிந்தது. எல்லாருக்கும் மைக் உண்டு என்பது ஏட்டில் சரிதான். மைக் கையில் வரும்போது தெரியும்.

எங்கள் தெருவில் வேகத்தடை போடச் சொல்லி மனுக் கொடுக்க நான் ஒருமுறை நகர சபைக் கூட்டத்துக்குப் போனேன். ஆரம்பத்தில் பாதிரியார் ஒருவர் எழுந்தார், எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பத்து நிமிஷத்தில் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏழு பேரிடம் உதவி கேட்கப் போகிறவன் உட்கார்ந்தே இருப்பானா? பெரியவர்களுக்கு இந்த நெருக்கடி தெரியாது என்று யார் சொன்னது தெரியவில்லை. (வேகத்தடை வரவில்லை. அது வேறு கதை.)

மற்ற அரசு இடங்களில் இன்னும் குழப்பம். 2005இல் ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு: கென்டக்கி நீதிமன்றங்களில் மாட்டிய பத்துக் கட்டளைகளை எடு என்று ஒன்று, டெக்சாஸ் சட்டமன்ற வளாகத்தில் நிற்கிற பத்துக் கட்டளைக் கல்லை விட்டுவிடு என்று இன்னொன்று. இரண்டும் 5க்கு 4. வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகளை மாட்டுவது கூடாது என்று 1980இலேயே சொல்லியாயிற்று, ஆனாலும் லூசியானா 2024இல் மறுபடி அதற்கே சட்டம் போட்டது, உடனே வழக்கும் வந்தது. இந்தச் சண்டை ஓயாது.

காரணம், 2022இல் வந்த தீர்ப்பு. வாஷிங்டன் மாநிலம் பிரெமர்ட்டனில் ஜோசப் கென்னடி என்கிற, பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைக் கோச் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நட்ட நடுவில் முட்டி போட்டுப் பிரார்த்தனை செய்வார். பள்ளி நிர்வாகம் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று கோச் பக்கம் நின்றது, அவர் செய்தது தனிப்பட்ட, அமைதியான பிரார்த்தனை என்றது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சோடோமயோர் புகைப்படங்களையே தீர்ப்பில் ஒட்டிவிட்டார், கோச்சைச் சுற்றி ஒரே கூட்டமாக ஆட்டக்காரர்கள் இருக்கிற படங்கள். அந்த வழக்கில் ஒரு தகவல் உண்டு. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு பையன், சேராவிட்டால் தன்னை அதிகம் ஆடவிட மாட்டார்களோ என்று பயந்து போய்ச் சேர்ந்துகொண்டதாக அவன் அப்பா நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறார்.

அதைப் படித்தபோது எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. ஏனென்றால் என் பையன் பத்தாம் வகுப்பில் பள்ளிக் கால்பந்து அணியில் சேர்ந்த முதல் மாதம், ஆட்டம் முடிந்து அழைத்துவரப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் வட்டமாக முட்டி போட்டு, பக்கத்தில் இருப்பவன் தோளில் கை வைத்திருந்தார்கள், கோச் தலையைக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் பையனும் அதில். காரில் கேட்டேன்.

‘எல்லாரும் போட்டாங்கப்பா, நானும் போட்டேன். கண்ணை மட்டும் மூடல.’

‘கோச் போடச் சொன்னாரா?’

‘சொல்லல. ஆனா பார்ப்பார்ல?’

எங்கள் காலத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவனைத்தான் முட்டி போடச் சொல்வார்கள். அதற்குக் கூட வாத்தியார் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இங்கே அந்த மனிதர் கெட்டவர் இல்லை, என் பையனுக்குக் கால் சுளுக்கியபோது வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனவர். அவர் தனியாக ஓர் ஓரத்தில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபிக்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் சனிக்கிழமை ஆட்டத்தில் யார் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்கிற ஆள் நடு மைதானத்தில் முட்டி போட்டால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது தனிப்பட்ட பிரார்த்தனையாகத் தெரியாது. 2022 தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் கோட்டைவிட்டது இதைத்தான் என்பது என் கருத்து. கோச் நம் ஊர்க்காரராக இருந்து, ஆட்டம் முடிந்ததும் விநாயகர் துதி சொல்லி, சுற்றிலும் பாப்டிஸ்ட் பிள்ளைகள் கைகூப்பி நின்றிருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? ஊரில் படித்த காலத்தில் காலைக் கூட்டத்தில் நாங்கள் பாடிய சாமிப் பாட்டு யாருக்காவது தொண்டையில் சிக்கியிருக்குமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கே வந்து இந்தப் பக்கம் நின்ற பிறகுதான் அந்த யோசனையே வந்தது.

கோச்சுக்கு மூன்று வரியில் மெயில் போட்டேன், மரியாதையாகத்தான். அன்று மாலையே கூப்பிட்டார். ‘யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, விருப்பம் இல்லாதவர்கள் தள்ளி நிற்கலாம்’ என்றார். அறுபது வருஷத்துக்கு முன்னால் நியூயார்க்கில் அந்தப் பெற்றோர்களுக்கும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். நான் அதை அவரிடம் சொல்லவில்லை, நன்றி என்று வைத்துவிட்டேன்.

அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக் கூடையில் அடுக்குகிற வேலையை என் பையனே கேட்டு வாங்கிக்கொண்டான். வட்டம் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். இரண்டு வாரம் கழித்துப் போனபோது பாட்டில் பொறுக்க மூன்று பேர் இருந்தார்கள். கூடை என்னவோ ஒன்றுதான்.