கோபம் இல்லாத நேரத்தையும் எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

படுக்கையில் இருக்கும் அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரியில் அவர் நாலைந்து தடவை கூப்பிடும்போது கோபம் தலைக்கேறுகிறது. மைண்ட்ஃபுல்னஸ் என்ற மனக் கவனிப்புப் பயிற்சிக்கான ஆப் ஒன்றில் சொன்னபடி, கோபம் வரும்போதெல்லாம் நோட்டில் குறித்துவருகிறேன். ஆறு மாதமாகியும் குறையவில்லை. எனக்கு இது வராதா? வடக்கே பிறந்த புத்தரின் பயிற்சி நமக்கு ஒத்துவருமா? எந்த ஆப் நல்லது?

க., மயிலாடுதுறை

அன்புள்ள க.,

ஆப் எதுவாக இருந்தால் என்ன? அந்த நோட்டுதான் என்னை உறுத்துகிறது. கொஞ்ச நாளாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கவனிப்புப் பயிற்சியைப் புத்தர் சொல்லும் சதிபட்டான சூத்திரத்தில் மனதைக் கவனிக்கும் பகுதி மிகச் சிறியது. எட்டு ஜோடியாக 16 மனநிலைகள். வெறுப்புள்ள மனதை (கோபமும் இதில்தான் சேரும்) வெறுப்புள்ளது என்று அறிய வேண்டும். வெறுப்பில்லாத மனதையும் அப்படியே அறிய வேண்டும். விரட்டச் சொல்லி அந்தப் பகுதியில் ஒரு வரி கிடையாது. நீங்கள் பாதியைத்தான் செய்கிறீர்கள். அப்பாவுக்கு முதுகு துடைத்துவிடும்போது மனம் அமைதியாக இருந்திருக்குமே, அதை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்? உங்கள் மேல் நீங்களே குற்றப்பத்திரிகை தயாரித்துவிட்டு அதற்குத் தியானம் என்று பெயர் வைக்காதீர்கள்.

என் பெரியப்பா கடைசிக் காலத்தில் கஞ்சிக் கரண்டியைத் தட்டிவிடுவார். மடியில் விரித்த துண்டெல்லாம் கஞ்சி. பெரியம்மா, "இப்ப எனக்கு ஆத்திரமா வருது, செத்த இருங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டுத் திண்ணையில் போய் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "இப்ப இல்ல. வாயத் தொறங்க" என்பார். வந்ததையும் சொன்னார், போனதையும் சொன்னார். பெரியம்மா எந்தச் சூத்திரமும் கேட்டவரில்லை. உணர்ச்சிக்குப் பெயர் சொன்னால் மூளையில் உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு தணிகிறது என்று உளவியலாளர் லீபர்மன் குழுவினர் 2007இல் ஆய்வில் காட்டினார்கள். பெரியம்மா அதற்கு வெகுகாலம் முந்தியவர்.

வடக்காம், ஒத்துவருமாம்! மயிலாடுதுறையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? உறையூர்க்காரரான பௌத்தத் துறவி புத்ததத்தர், ஐந்தாம் நூற்றாண்டில், காவிரிப்பட்டினத்து, அதாவது பூம்புகார், விகாரையில் இருந்துதான் அபிதம்மாவதாரம் எழுதினார். மனம் எத்தனை விதமாகும் என்று பிரித்துக் காட்டும் பாலி நூல் அது. மனதை அலசும் பௌத்தப் பிரிவான அபிதம்மத்தின் கணக்கில் சித்தங்கள், அதாவது மன வகைகள், 89. அதில் வெறுப்பை வேராகக் கொண்டவை எத்தனை தெரியுமா? 2. உங்கள் நோட்டு முழுக்க அந்த இரண்டுதான் இருக்கிறது. மற்ற எண்பத்தேழுக்கும் ஒரு வரி தரக்கூடாதா? பூம்புகார் பக்கம் பல்லவனேஸ்வரத்தில் தோண்டியெடுத்த புத்த விகாரையின் செங்கல் கட்டுமானம் இருக்கிறது. பஸ்ஸில் போகிற தூரம்தான், ஒரு மத்தியானம் போய்ப் பாருங்கள்.

வராதா என்று கேட்டீர்கள். கோபத்தைக் கோபம் என்று ஆறு மாதமாகக் கண்டுகொண்டுதானே இருக்கிறீர்கள்? வந்துவிட்டது.

இன்னொன்று. நாலைந்து தடவை எழுந்திருக்கிற உடம்புக்கு முதலில் தூக்கம் வேண்டும். கவனிப்புப் பயிற்சி தூக்கத்துக்கு ஈடாகாது. கூடப்பிறந்தவர்கள் யாராவது இருந்தால் வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து அப்பாவோடு படுக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அவர்கள் நம்பரை எனக்கு அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.